வலது கையைத் தொடாதே

வெர்னா ஹலாஸ் வீட்டில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. பனி அப்பிய பூட்ஸோடு சமையலறைக்குள் வரலாம். சாப்பிட்டுக்கொண்டே மேஜையிலிருந்து நாய்க்கு எலும்பு போடலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல், அவள் கணவன் ஆர்லனைப் போல, மத்தியானம் வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். ஆனால் கேலன் டுவயரின் வலது கையை மட்டும் யாரும் தொடக்கூடாது.

சட்டத்தைக் கொண்டுவந்தவன் கேலனேதான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஹார்ட்வெல் என்ற அந்தச் சின்ன ஊருக்கு, அங்கே இருந்த சின்ன லீக் பேஸ்பால் அணியில் பந்து வீசுவதற்காகப் பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தான். அந்தக் காலத்தில் சின்ன லீக் பையன்களுக்குக் கொடுத்த சம்பளத்தில் கோழிக்கூடு கூட வாடகைக்குக் கிடைக்காது. அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பையனைக் கோடை முழுக்கத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவார்கள். வெர்னா கதவைத் திறந்தபோது கேலன் இடது கையில் பெட்டியோடு நின்றான். ஆர்லன் வரவேற்கக் கை நீட்டினான். பையன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதே இடது கையை நீட்டினான்.

"என்ன தம்பி, இடது கையக் குடுக்கிறே? வலது கைய அடகு வச்சுட்டியா?" என்றான் ஆர்லன்.

"இல்ல சார். பந்து போடற கை அதுதான். யாரு எப்படி அழுத்துவாங்கன்னு தெரியாது. மன்னிச்சுக்குங்க."

ஆர்லன் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அவன் பிடி இரும்புப் பிடி. பையன் ஆள் பார்த்துத்தான் ஜாக்கிரதையாக இருக்கிறான் என்று வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் அவனிடம் இடது கையையே நீட்டினார்கள். கட்டிப்பிடிப்பதென்றால் அவனுடைய இடப்பக்கமாகப் போய்க் கட்டிக்கொள்வாள் வெர்னா. அவன் வலது கையால் பை தூக்கமாட்டான், ஜாடி மூடியைத் திருகமாட்டான், வலப்பக்கமாகப் படுக்கக்கூட மாட்டான். பிட்சர்கள் எல்லாருமே அப்படித்தான், பெற்ற பிள்ளையைவிடப் பந்து வீசுகிற கையைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். வெர்னா வீட்டு நாய்கூட அவனுடைய இடது பக்கத்தில்தான் வந்து உரசும் என்று ஆர்லன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஹார்ட்வெல்லில் இன்றைக்கு மீசை வைத்திருக்கிற பாதிப் பேர் ஒரு காலத்தில் அவள் பேருந்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தவர்கள். முன்னால் பனி பொழிகிற சாலை, பின்னால் ஐம்பது குரங்குகள். தலையைத் திருப்பாமல், மேலே மாட்டியிருக்கிற கண்ணாடி வழியாகவே யார் யாரைக் கிள்ளினான், யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறது, எவள் வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவாள். அவளுக்கென்று பிள்ளைகள் இல்லை. இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை, ஆனால் பேஸ்பால் பையன்களை வீட்டில் வைத்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆர்லனைக் கேட்காமலே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

கேலனுக்கு முன்னாலும் பையன்கள் வந்தார்கள், தின்றார்கள், போனார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவார்கள், அடுத்த கிறிஸ்துமஸுக்கு மறந்துவிடுவார்கள். கேலன் இரண்டு கோடை அந்தப் பின் அறையில் இருந்தான். ஆட்டத்தில் அடி வாங்கினால் வீட்டுக்குள் வரமாட்டான். வாசலில் நிற்கும் மஞ்சள் பேருந்தின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வான். வெர்னா தட்டில் சாப்பாட்டை வைத்துக் கொடுத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஒன்றும் பேசாமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில் அவனாகவே சொல்லத் தொடங்குவான். எந்தப் பந்தைத் தப்பாகப் போட்டான், எங்கே பயந்தான் என்று ஒன்று விடாமல் கொட்டுவான். "வெர்னாம்மா, உங்க முதுகுகிட்டப் பேசறது சுலபமா இருக்கு" என்பான். பெரிய லீக்கில் ஸ்டீமர்ஸ் அணிக்குப் போன பிறகும், நாடே அவன் பெயரைச் சொன்ன பிறகும், ஒவ்வொரு நவம்பரும் நன்றி நாள் பண்டிகைக்கு அவள் வீட்டு வான்கோழியைத் தின்ன வந்துவிடுவான். வெர்னா அவனைப் பற்றிப் பேசும்போது 'எங்க பையன்' என்பாள். யாரும் அதைத் திருத்தியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் ஒருநாள் வந்தவன், சோபாவில் படுத்தபடி வலது கையின் சுண்டு விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் காலை டெஸ்ஸாவின் காபிக் கடையில், பையன் எப்படி இருக்கான் என்று கேட்டார்கள். "கை சரியில்ல. சுண்டு விரல் மரத்துப்போகுது, நம்மகிட்ட மறைக்கிறான்" என்றாள் வெர்னா. எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரமே பெரிய ஆட்டம் ஒன்றின் நடுவில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேலன் மைதானத்தை விட்டு வெளியேறினான். உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை, ஒரு முழு வருஷம் ஆட்டம் இல்லை. அதிலிருந்து டெஸ்ஸா கடையில் வெர்னாவின் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. அணி நிர்வாகம் அறிக்கை விடும், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும், ஹார்ட்வெல் ஆட்கள் மட்டும் 'வெர்னா என்ன சொல்றா?' என்று கேட்டுவிட்டுத்தான் காபியில் வாய் வைப்பார்கள்.

அணி நிர்வாகத்தின் லட்சணம் அப்படி. 'வீரர் நலமாக இருக்கிறார்' என்று ஸ்டீமர்ஸ்காரர்கள் சொன்னால் ரசிகர்கள் துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். இந்தக் குளிர்காலத்திலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊர் எல்லையில் கேலனின் முகத்தைப் பெரிதாக வரைந்து 'திரும்பி வருகிறான்' என்று பலகையே வைத்துவிட்டார்கள். வருஷம் முழுவதற்கும் இருக்கைகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை.

அந்த ஜனவரியில்தான் சொல்லாமல் கொள்ளாமல் கேலன் வந்து நின்றான்.

வந்ததும் வராததுமாகக் கொல்லைப்பக்கம் போய்க் கணப்புக்கு விறகு எடுத்து வந்தான். வலது கையில். வெர்னா அடுப்பருகே நின்றபடியே பார்த்தாள். ஊறுகாய் ஜாடி திறக்கவில்லை என்று ஆர்லன் முக்கிக்கொண்டிருந்தான். கேலன் வாங்கி வலது கையால் ஒரே திருகு. பப்ரிக்கா மிளகாய்ப்பொடி போட்ட கோழிக் குழம்பு வெந்துகொண்டிருந்த இரும்புச் சட்டி, நிரம்பினால் வெர்னாவுக்கே இரண்டு கை வேண்டும், அதை வலது கையாலேயே தூக்கி வந்து மேஜையில் வைத்தான்.

ஆர்லனின் முள்கரண்டி பாதியில் நின்றது. "ஏன்டா, அந்தக் கைய இப்படி..."

"இப்பல்லாம் அதப் பாக்கறதில்ல ஆர்லன்" என்று சிரித்தான் கேலன்.

"முழங்கை எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு" என்றாள் வெர்னா.

"பாத்தீங்கள்ல வெர்னாம்மா? நீங்க பாக்காததா? ஏப்ரல்ல முதல் ஆட்டம், முதல் பந்து நான்தான் போடறேன். காபிக் கடையில கேப்பாங்களே, சொல்லுங்க. பயப்படவேண்டாம்னு சொல்லுங்க."

வெர்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் தட்டில் குழம்போடு வெந்த மாவு உருண்டைகளை அள்ளி அள்ளிப் போட்டாள். அவனும் எல்லாவற்றையும் தின்றான். கிளம்பும்போது வாசலில் நின்ற மஞ்சள் பேருந்தைக் கடந்துதான் தன் காருக்குப் போனான், நிற்கவில்லை.

பாத்திரம் துடைத்துக்கொண்டே ஆர்லன் சொன்னான்: "எனக்கு என்னமோ உறுத்துது வெர்னா. டீக் கோப்பையக்கூட அந்தக் கையால தூக்காதவன். புதுசா எஞ்சின் மாத்தின வண்டிய எவனாவது மறுநாளே மலை மேல ஏத்துவானா? பொத்திப் பொத்தில்ல ஓட்டுவான்?"

"அதாங்கறேன்! பயம் விட்டுப்போச்சு. கை அவ்வளவு நல்லாயிடுச்சு. உனக்கு எப்பவும் சந்தேகம். உங்க அம்மாவுக்கு மொதல்ல சந்தேகம் பொறந்தது, அப்புறந்தான் நீ பொறந்தே."

ஆர்லன் துண்டை உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னதில் இருந்த நியாயம் வெர்னாவின் காதில் ஏறவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள், அவளுக்குக் காதையும் சேர்த்து அடைத்துவிட்டது.

மறுநாள் டெஸ்ஸா கடையில் அவள் கோட்டைக் கழற்றுவதற்குள் ஹெர்ஷல் எழுந்துவிட்டார். ஹெர்ஷல் முன்னாள் தபால்காரர். நாற்பது வருஷம் ஊரைச் சுற்றி நடந்து இரண்டு முட்டியையும் தேய்த்துக்கொண்டவர். பந்தின் வேகத்தைக் காட்டுகிற துப்பாக்கி மாதிரியான கருவி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்திருப்பவர்.

"வந்தானாமே? சொல்லு. ஒப்பனை எல்லாம் வேண்டாம், நேரா சொல்லு."

"இரும்புச் சட்டியத் தூக்கினான் ஹெர்ஷல். நிறைய குழம்போட. வலது கையால."

அங்கே இருந்த எல்லாருக்கும் அந்தச் சட்டம் தெரியும்.

"நெஜமாவா?" என்றாள் ட்வைலா, சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள்.

"என் கண்ணால பாத்தேன். கை நல்லாயிடுச்சு. என் வார்த்தைய நம்புங்க."

நம்பினார்கள். ட்வைலா அன்றைக்கே தன் அண்ணனுக்கும் தனக்கும் வருஷ இருக்கைகளை வாங்கினாள். ஹெர்ஷலுக்கு மார்ச் மாதம் முட்டி மாற்றும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. அவர் மருத்துவமனைக்குப் போன் பண்ணி, இலையுதிர்காலத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார். "முட்டி எங்க ஓடிப்போகப்போகுது? அதால ஓடவும் முடியாது. புளோரிடாவுல நம்ம பையன் மறுபடி பந்து போடறத நான் வேலியோரம் நின்னு பாக்கணும்" என்றார். வசந்தகாலப் பயிற்சி முகாம் நடக்கும் ஊருக்கு ஹார்ட்வெல்லிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பியது. வெர்னா பேருந்துக்கு மாற்று ஓட்டுநர் ஏற்பாடு செய்துவிட்டு, ஆர்லனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

குளிர்காலம் முழுக்கக் கம்பளிக்குள் கிடந்த வெள்ளைக் கால்கள் அரைக்கால் சட்டைக்குக் கீழே பளபளக்க, கையில் ஆரஞ்சுச் சாறோடு, பயிற்சி மைதானத்தின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வரிசையாக நின்றார்கள். வெயில் சுகமாக இருந்தது. கேலன் வந்தான். ஹார்ட்வெல் கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். பத்துப் பதினைந்து பந்து போட்டான், போய்விட்டான்.

ஹெர்ஷல் கருவியைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார். "எண்பத்தொண்ணு. மணிக்குத் தொண்ணூத்தாறு மைல் போடறவன் எண்பத்தொண்ணு போடறான். என் முட்டியே இதைவிட வேகமாப் போகும்."

"பிப்ரவரியில யாரு முழு வேகத்துல போடுவாங்க? இதுகூடத் தெரியாம நாற்பது வருஷமா பேஸ்பால் பாத்தியா?" என்றாள் வெர்னா.

"சரிதான். நீ சொன்னா சரி."

அடுத்த வாரமும் எண்பத்தொன்றுதான். அதற்கடுத்த வாரம் ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவன் ஒரு சுற்று வீசுவதாக இருந்தது. எல்லாரும் காலையிலேயே போய் இடம் பிடித்தார்கள். கழுத்துப் பிடிப்பு, இன்று இல்லை என்று அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து வயிற்றுக் கோளாறு என்றார்கள்.

"கழுத்து, வயிறு... இன்னும் காது, மூக்குதான் பாக்கி. முழங்கையத் தவிர எல்லாம் வலிக்குது அவனுக்கு" என்றார் ஹெர்ஷல். சிரித்தவர்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டு வெர்னாவைப் பார்த்தார்கள்.

"வெர்னா, உனக்கு நிச்சயமாத் தெரியும்தானே?" என்றாள் ட்வைலா மெதுவாக.

"இரும்புச் சட்டின்னு சொன்னேன்ல? எத்தன தடவ சொல்றது?" என்று வெர்னா சீறினாள். சீறிய பிறகுதான் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை என்று தோன்றியது. யாரிடமும் சொல்லாமல், வீரர்கள் கார் நிறுத்துகிற வாசல் பக்கமாக நடந்தாள். அவனை நேரில் கேட்டுவிட்டால் நெஞ்சு ஆறிவிடும் என்று நினைத்தாள்.

பயிற்சி முடிந்து பிட்சர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் கையெழுத்து வாங்க நின்ற கூட்டத்தோடு கூட்டமாக வெர்னாவும் நின்றாள். முதலில் வந்தவன் பையை இடது தோளில் மாட்டியிருந்தான். இடது கையால் கார்க் கதவைத் திறந்தான். அடுத்தவனும் இடது தோள். அதற்கடுத்தவன் வலது தோளில் மாட்டியிருந்தான், அவன் இடது கையால் பந்து வீசுகிறவன். மீசை முளைக்காத ஒரு புதுப் பையன், தண்ணீர் பாட்டிலைக்கூட வலது கைக்கு மாற்றாமல் பல்லால் மூடியைத் திருகிக்கொண்டு போனான். பேருந்துக் கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்க்கிற அதே கண்ணால் வெர்னா ஒவ்வொருவனாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியாகக் கேலன் வந்தான். கனமான பை வலது தோளில் தொங்கியது. அதே கையில் இன்னொரு பெட்டியும் இருந்தது. காரின் பின் கதவை அந்தக் கையாலேயே அறைந்து மூடினான்.

அந்தக் கையை வைத்துப் பிழைக்கிற ஒருவனும் அதை அப்படி நடத்தவில்லை. இனி அது வேண்டாம் என்று ஆனவன்தான் அப்படி நடத்துவான். ஆர்லன் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னது இதைத்தான்.

"கேலன்!"

அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. வாசல் காவலரிடம் சொல்லி அவளை உள்ளே விடச் சொன்னான். இருவரும் காருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றாள் வெர்னா.

அவன் பொய் சொல்ல வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. மறுபடி அறுந்துடுச்சு வெர்னாம்மா. இனிமே வெட்டித் தைக்க அதுல ஒண்ணும் மிச்சம் இல்லன்னுட்டாங்க. முடிஞ்சுது."

"முடிஞ்சுதுன்னா அழுதிருப்போமே. நாங்க எல்லாரும் உக்காந்து உன்கூட அழுதிருப்போம். இங்க எதுக்குத் தொப்பி போட்டுக்கிட்டு நாடகம்?"

"முதல் ஆட்டம் வரைக்கும் வெளிய சொல்லவேண்டாம்னு நிர்வாகத்துல கேட்டுக்கிட்டாங்க. இருக்கை விக்கணும்ல. அப்புறம் டிவியில ஆட்டத்தப் பத்திப் பேசற வேலை எனக்குத் தரேன்னுருக்காங்க. எனக்கு வேற என்ன தெரியும்? பந்து போடறத விட்டா நான் யாரு?"

அதற்காகக்கூட அவள் மன்னித்திருப்பாள். பயந்தவன் செய்கிற வேலை அது, பயம் அவளுக்குப் புரியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பாக்கி இருந்தது.

"சரி. அது உனக்கும் அவங்களுக்கும் உள்ளது. ஜனவரியில என் வீட்டுக்கு எதுக்கு வந்தே?"

கேலன் தரையைப் பார்த்தான்.

"கெட்டது நடந்தா நீ பஸ்ஸுல போய் உக்காருவே. அன்னிக்கு பஸ்ஸத் தாண்டிப் போனியே. திரும்பிக்கூடப் பாக்கலியே. எதுக்கு வந்தே?"

"நிர்வாகம் சொன்னா யாரு நம்பறாங்க?" என்றான் கேலன். "நீங்க சொன்னா நம்புவாங்க."

"அப்ப அந்த விறகு? ஊறுகாய் ஜாடி? சட்டி?"

"நீங்க எதப் பாப்பீங்கன்னு எனக்குத் தெரியும்ல வெர்னாம்மா. சுண்டு விரலப் பாத்தே கண்டுபிடிச்சவங்க. வாயால சொன்னா நம்பமாட்டீங்கன்னு..."

அவன் முடிக்கவேண்டிய அவசியம் இல்லை. இத்தனை வருஷம் அவனைப் பார்த்துப் பார்த்து அவள் படித்து வைத்திருந்ததை எடுத்து, அவள் கண்ணையே குத்தியிருக்கிறான். அவள் சமைத்த சட்டியைத் தூக்கியே செய்திருக்கிறான். கையில் வலி பொறுத்துக்கொண்டு சிரித்திருக்கிறான். ஊட்டி வளர்த்த கையைக் கடித்தான் என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். கடித்ததில் அவளுக்கு வருத்தமில்லை. கடிப்பதற்கு எந்த இடம் என்று அவள்தானே காட்டிக்கொடுத்திருந்தாள், அதுதான் தாங்கவில்லை.

"கொஞ்ச நாள்தான். முதல் ஆட்டத்தன்னிக்கு நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும்... எனக்காக" என்று சொல்லிக்கொண்டே கேலன், அவள் எப்போதும் வந்து கட்டிக்கொள்கிற இடப்பக்கம் கையை விரித்தான்.

வெர்னா நகரவில்லை. தன் வலது கையை நீட்டினாள். வழியில் சந்தித்தவர்களிடம் விடைபெறும்போது நீட்டுவோமே, அப்படி.

கேலன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வேறு வழியில்லாமல் வலது கையைக் கொடுத்தான். முதல்முறையாக அந்தக் கையைத் தொட்டாள் வெர்னா. பெரிய கை, பந்து பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். கனரக வண்டியின் ஸ்டீயரிங்கை வருஷக்கணக்காகத் திருப்பிய பிடியால் அழுத்திக் குலுக்கினாள். அவன் முகம் வலியில் சுருங்கியது. அதைப் பார்த்ததும் பழக்க தோஷம், அவள் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. அந்தத் தளர்வுக்காகத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"நல்லா இருங்க மிஸ்டர் டுவயர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வேலியோரம் ஹார்ட்வெல் கூட்டம் இன்னும் கலையவில்லை. ஹெர்ஷல் முட்டி வலியில் மடக்கு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். வெர்னா அவர்கள் எதிரில் போய் நின்றாள்.

"அவன் கை போச்சு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே போச்சு. திரும்பி வரமாட்டான். நல்லாயிடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னது நான்தான். நான் சொன்னது பொய்."

"உன்கிட்ட அவன் பொய் சொல்லியிருப்பான்" என்றாள் ட்வைலா அவசரமாக.

"அவன் என்கிட்ட சொன்னான், நான் உங்ககிட்ட சொன்னேன். உங்க காதுல விழுந்தது என் குரல்தானே?"

ஹெர்ஷல் வேகம் பார்க்கிற கருவியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். நாற்காலியை ஊன்றி எழுந்திருக்க முயன்றார், முட்டி ஒத்துழைக்கவில்லை. வெர்னா பிடிக்கப் போனாள். "வேண்டாம், விடு" என்றார். ஆர்லன்தான் வந்து தூக்கிவிட்டான்.

"நிர்வாகம் பொய் சொல்லும், பேப்பர்காரன் பொய் சொல்லுவான், அது எனக்குப் பழகிப்போச்சு வெர்னா" என்றார் ஹெர்ஷல். நொண்டிக்கொண்டே போனார்.

ஒஹையோ வரைக்கும் ஆர்லன்தான் கார் ஓட்டினான். மலைப்பாதையில் எங்கேயோ வரும்போது, "நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்தான். "தெரியும்" என்றாள் வெர்னா. ஆர்லன் ரேடியோவைப் போட்டான். அதில் யாரோ பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தார்கள். அணைத்துவிட்டான்.

ஏப்ரலில் முதல் ஆட்டம். டெஸ்ஸா கடையில் டிவிக்கு முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். வெர்னாவும் வந்தாள், வராமல் இருந்தால் ஒளிகிறாள் என்பார்கள். அவள் உள்ளே வந்தபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள், டெஸ்ஸா கேட்காமலே காபி ஊற்றினாள். அணிக்குப் புதிதாக வந்திருக்கும் பிட்சரின் தோளைப் பற்றி ஹெர்ஷலும் ட்வைலாவும் காரசாரமாகச் சண்டை போட்டார்கள். 'வெர்னா என்ன சொல்றா?' என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டம் தொடங்குமுன் திரையில் கேலன் வந்தான். கோட்டு, கழுத்தில் டை, கையில் மைக். தான் ஓய்வு பெறுவதாக அறிவித்தான். கண் கலங்கினான். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. பலருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கடைசியில், "ஹார்ட்வெல்லில் எனக்கு ஒரு அம்மா இருக்காங்க. அவங்க வீட்டு வாசல்ல நிக்கற பள்ளிக்கூட பஸ்ஸுலதான் நான் பேஸ்பால் கத்துக்கிட்டேன். யாருமே என்னை நம்பாதப்ப நம்பினது அவங்க மட்டுந்தான்" என்றான். வலது கையை உயர்த்தி ஆட்டினான்.

கடையில் எல்லாத் தலையும் வெர்னா பக்கம் திரும்பியது. புளோரிடாவிலிருந்து வந்த பிறகு ஹெர்ஷல் அவளோடு பேசியதே இல்லை. இப்போது வாய் திறந்தார்.

"கேட்டியா வெர்னா? உன்னை அம்மாங்கறான்."

பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகியிருந்தது. வெர்னா காபிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுப் பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"அவனே சொல்றான்ல" என்றாள். "நம்புங்க."